மாப்பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை?

தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஏதாவது பேசும்படி கேட்டார்கள். நின்று பேச இப்போது எனக்கு மூச்சு இல்லை. எழுதித் தருகிறேன், குரல் நன்றாக இருப்பவர் யாராவது படித்துக் காட்டுங்கள். பட்டா மாறுதல், ஜமாபந்தி, பயிர் கணக்கு இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் ஹெட் கிளார்க் திட்டித் திட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் சொல்ல வருவது விசாரணையைப் பற்றி. ஒரு ஆளைப் பற்றி இன்னொரு ஆளிடம் போய்க் கேட்கும் வேலை. உத்தியோகத்தில் என்னை ஓய்த்துப் போட்டது அதுதான். வெயிலில் சைக்கிள் மிதித்ததெல்லாம் ஒன்றுமில்லை, படுத்து எழுந்தால் சரியாகிவிடும். பத்துப் பேர் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதில் எது நிஜம் என்று தனியாக உட்கார்ந்து முடிவு கட்டுகிற அலுப்பு இருக்கிறதே, அது உடம்பை விட்டுப் போகவே இல்லை. இப்போதுகூட கடையில் கத்தரிக்காய் இன்றைக்கு வந்ததா என்று கேட்கிறேன். கடைக்காரர் ஆமாம் என்றதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விசாரணையைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதிகம். நான் அம்மாபேட்டைக்காரன். சேலத்தைவிட்டுத் தாண்டாமல் இருந்தவனை அப்போதுதான் திருச்செங்கோடு தாலுகாவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டராக மாற்றியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் என் முகம் இன்னும் யாருக்கும் பழகவில்லை.

டில்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து சேலம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, ஒவ்வொரு இடத்திலும் தூங்கி எழுந்து, ஒரு உறை எங்கள் தாசில்தாரிடம் வந்து சேர்ந்தது. மேலே இரகசியம் என்று சிவப்பு மையில் முத்திரை. உள்ளே இருந்த சங்கதி இதுதான். சென்னியப்பன் என்று ஒரு பையன் நம் தாலுகாக்காரன். தூதரக உத்தியோகத்துக்கான பரீட்சையில் தேறி, நேர்முகத்திலும் தேறிவிட்டான். ஆனால் பிறந்தது இலங்கையில். தகப்பனார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பையன் இந்த நாட்டுப் பிரஜைதானா, வேறு நாட்டுக்கு அவன் மேல் பாத்தியதை உண்டா, அவனுக்கு அங்கே போய்த் தங்கும் எண்ணம் உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும்.

இந்த விதியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அப்போதெல்லாம் பர்மா, இலங்கை, மலாய் என்று போனவர்கள் பாதிப் பேர் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். அப்படி வந்தவர்கள் இங்கேயே குடியிருக்கப் போகிறோம் என்று காட்டினால் மற்ற சர்க்கார் வேலைகளுக்கு ஏதோ ஒரு வழி இருந்தது. தூதரக உத்தியோகத்துக்கு மட்டும் பிடி இறுக்கம். அந்த ஆள் இன்னொரு தேசத்தில் போய் உட்கார்ந்து நமக்காகப் பேசப் போகிறவன். அந்தத் தேசமே அவனைப் பார்த்து நீ எங்கள் ஆள் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும். நியாயமான பயம்தான். அந்த நியாயத்தைச் சோளக் காட்டு நடுவில் கொண்டு போய் எப்படி விசாரிப்பது என்று மட்டும் டில்லிக்காரர்கள் எழுதவில்லை.

எங்கள் தாசில்தார் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். முழங்கால் வலியோடு வெற்றிலையும் சேர்ந்துகொண்டதால் அதிகம் பேசமாட்டார். உறையை என்னிடம் நீட்டினார்.

“கலெக்டர் ஆபீசுல இருந்து தந்தி வந்திருக்குப்பா. இன்னிக்கு நாலு மணிக்கு நான் சேலம் கிளம்பறேன். அதுக்குள்ள பதிலோட வா. மத்தவங்க பதில் எல்லாம் போயிடுச்சாம். இந்தப் பையனுது வரலைன்னா அடுத்த ஆளைப் போட்டுருவாங்களாம்.”

“பையனுக்கு அடுத்த வருஷம் எழுதலாமில்லைங்களா?”

“வயசு தாண்டிடுது. காகிதத்துல போட்டிருக்கு பாரு.” வெற்றிலையை மடித்தார். “யாரு, எதுக்குன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. முத்திரையைப் பார்த்தல்ல.”

ஊர் குமாரபாளையம் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வருவது. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வேட்டி சட்டையில் சைக்கிளில் போய் இறங்கினேன். மளிகைக் கடை முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பண்ணக் கவுண்டர் வீடு எது என்று கேட்டேன். பையனை வளர்த்த பெரியப்பா அவர். அம்மா இறந்தபின் பையனைச் சின்ன வயசிலேயே இங்கே அனுப்பிவிட்டார்கள் என்று காகிதத்தில் இருந்தது.

“அந்த ஊடுதானுங்க, ஓட்டு ஊடு. நீங்க எந்தூருங்க?”

“சேலம். ஒரு வேலையா வந்தேன். அவங்க வீட்டுல படிச்ச பையன் ஒருத்தர் இருக்காராமே, தம்பி மகன்?”

அவ்வளவுதான் கேட்டேன். ஒருவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். எனக்கு உட்காரப் பலகை வந்தது. கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். காசு கொடுக்கப் போனால் கடைக்காரர் கையைத் தட்டிவிட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வாழ்க்கையில் இது நடக்கிற காரியமா. என்னைக் கண்டால் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் போகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். நல்ல ஊர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“தங்கமான பையனுங்க,” என்றார் கடைக்காரர். “சோலியே வேண்டாமுங்க அவனுக்கு. கண்டியில அவங்கப்பனுக்குக் கடை இருக்குது, ஊடு இருக்குது.”

“அங்கே போயிடுவாரா?”

“பின்னே, இங்க என்னத்துக்குங்க இருக்கறான்? ஒரு நல்ல காரியம் முடிஞ்சா அடுத்த கப்பல்தானுங்க.”

“அந்த ஊர்க் கவர்மெண்டே அவங்கப்பனை நம்மாளுன்னு காயிதம் குடுத்துருச்சுங்க,” என்றார் இன்னொருவர். “பையன் பேரும் அதுல சேர்த்திதான்.”

“அங்கத்து ராசா மாதிரின்னு வெச்சுக்குங்களேன்,” என்றார் மூன்றாமவர்.

நான் கேட்கக் கேட்கப் பையன் இந்த நாட்டைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தான். கடைக்காரர் வீட்டுக் கொல்லையில் இளநீர் வெட்டிக் கொடுப்பதற்குள் அவனுக்கு இங்கே ஒட்டு உறவே இல்லை என்று ஆகிவிட்டது. சரி, ஊர்ப்பேச்சை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று கிராம அதிகாரியான மணியகாரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு மட்டும் என்னைத் தெரியும், தாலுகா ஆபீசில் பார்த்திருக்கிறார். காரணத்தைச் சொல்லாமல், பையனைப் பற்றித் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.

மணியகாரரிடம் ஒரு கையெழுத்து வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மை தொட்டுத் தொட்டு, மேற்படி சென்னியப்பன் கண்டிச் சீமையில் ஏக வாரிசு என்றும், அந்தத் தேசத்துப் பிரஜையாகப் போகிறவர் என்றும், சீக்கிரம் அங்கே போய் நிரந்தரமாக இருப்பார் என்றும் எழுதினார். எழுதிவிட்டு, “இன்னும் ஏதாச்சும் சேர்த்தோணுங்களா?” என்றும் கேட்டார்.

காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்தது. பையன் கெட்டான். பாவம்தான், ஆனால் கையெழுத்தோடு எழுதியிருக்கிறதே, நான் என்ன செய்ய. கிணற்றோரம் வரும்போது குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார்.

“ஏனுங்க, பொண்ணு நல்ல நெறமுங்களா?”

“எந்தப் பொண்ணு?”

“மறைக்காதீங்க சாமி. நீங்க நாமக்கல்லுக்காரங்க ஊட்டு ஆளுதானுங்களே. கடையில எல்லாருஞ் சொன்னாங்க.”

சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டேன்.

உங்களில் பலருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும், நம் பக்கத்து ஆட்கள்தானே. பெண் கொடுக்கப் போகிறவர்கள் நேராக வந்து கேட்பதற்கு முன்னால் யாரோ ஒரு மூன்றாம் ஆளை அனுப்புவார்கள். அவர் மாடு பார்க்க வந்ததாக, பருத்தி விலை கேட்க வந்ததாக எதையாவது சொல்லிக்கொண்டு வந்து, கடையில் உட்கார்ந்து மெதுவாக மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார். ஊருக்கு அது நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டு, நம் ஊர்ப் பையனை ஒரு படி உயர்த்தியே சொல்லி அனுப்பும். ஒரு பையனுக்குக் கல்யாணம் கூடி வரும்போது உள்ளது உள்ளபடி பேசினால் அதற்குப் பெயர் துரோகம்.

கருப்பண்ணக் கவுண்டர் நாமக்கல் பக்கம் பெரிய தோட்டக்காரர் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வந்து கேட்டால் கண்டிக் கடையை மறக்காமல் சொல்லுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் அந்த அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னது. மணியகாரரும் விதிவிலக்கு இல்லை. தாலுகா ஆபீசு ஆளையே பிடித்து விசாரிக்க அனுப்பியிருக்கிறார்களே, பெரிய இடம்தான் என்று சந்தோஷப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தாசில்தார் நாலு மணிக்குக் கிளம்புகிறார். அந்த இரகசிய முத்திரையை நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று சொல்லாமல் கேட்டதால்தானே இந்தக் கூத்து. நம் ஊர்களில் காரணம் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டால், காரணத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள். வருவது வரட்டும் என்று கடைக்குத் திரும்பிப் போனேன். நான் யார், எதற்கு வந்தேன், என்ன உத்தியோகம், இந்த நாட்டுப் பிரஜையாக இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு அது கிடைக்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“கண்டியா? அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டானுங்க அவன்.”

“காயிதம்னு சொன்னீங்களே?”

“யாரு சொன்னாங்கோ?”

“அங்க ஊடுமில்ல ஒண்ணுமில்லீங்க. அவங்கப்பன் செத்துட்டான்னுகூட எழுதிக்குங்க,” என்றார் ராஜா மாதிரி என்று சொன்னவர். பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டினார். “ஏப்பா, உசுரோட இருக்கறவனப் போயி.”

மணியகாரர் விஷயம் கேள்விப்பட்டு மேல்துண்டு பறக்க ஓடி வந்தார். இன்னொரு வாக்குமூலம் எழுதினார். முதல் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. இரண்டும் அவர் கையெழுத்துதான், இரண்டிலும் அதே மை. முதலில் பையனை அந்த நாட்டுக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் இப்போது அதே அன்போடு இந்த நாட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். இதையாவது நம்பலாம் என்று தோன்ற வேண்டுமல்லவா, தோன்றவில்லை. அந்தக் கடை வாசலில் எனக்கு வந்த அலுப்பை இப்போது நினைத்தாலும் கண் சொக்குகிறது. வேலையை விட்டுவிட்டு அம்மாபேட்டையில் தறி போடலாம் என்று தோன்றியது.

மிச்சம் இருந்தது பையன் ஒருவன்தான். அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வில்வண்டி நின்றது. நல்ல ஜோடி மாடுகள்.

உள்ளே நிஜமான நாமக்கல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுடைய அப்பா, அவருடைய மைத்துனர், வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம். சமையல் வாசனை வந்தது. கருப்பண்ணக் கவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் யார் என்று காதோடு சொன்னதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. என் கையைப் பிடித்தார்.

“சாமி, இப்ப வேண்டாமுங்க. பேச்சு முடியற நேரம். நாளைக்கு நானே அவனைக் கூட்டிட்டு ஆபீசுக்கு வாரேன்.”

“நாளைக்கு ஆகாதுங்க. இன்னிக்கு நாலு மணிக்குள்ள காகிதம் போகணும்.”

“அவங்களுக்கு இந்த உத்தியோகத்தப் பத்தியே சொல்லலீங்க,” என்றார் இன்னும் குரலைத் தாழ்த்தி. “எந்தச் சீமைக்கு அனுப்புவானோன்னு தெரியாத ஆளுக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்? கண்டின்னா நாலு பேரு போயிட்டு வந்த இடம். அதனாலதான் கண்டியவே சொல்லி வெச்சேன்.”

பையனை வெளியே கூப்பிட்டு ஓரமாகக் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவனே வாசலுக்கு வந்துவிட்டான். ஒல்லியான பையன், கண்ணாடி போட்டிருந்தான். என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னேன். கடையில் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். பெரியப்பாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவருடைய ஏற்பாடு அவனுக்குத் தெரியாது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“கிணத்துப் பக்கமா போயிப் பேசலாம் வாங்க,” என்றேன்.

“வேண்டாமுங்க. இங்கயே கேளுங்க. அவங்களுக்கும் தெரியட்டும்.”

பெண்ணின் அப்பா அதற்குள் எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றுகொண்டார். நான் காகிதத்தை எடுத்தேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எவ்வளவோ கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு கஷ்டமாக எதையும் கேட்டதில்லை.

“உங்க அப்பா எந்த நாட்டுப் பிரஜை?”

“இங்க பொறந்தவருங்க. இப்ப அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடறாருங்க. கெடைச்சா அந்த நாட்டுக்காரர்.”

கருப்பண்ணக் கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். இதை அவன் சொல்லத் தேவையே இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் தெரியாது என்றே எழுதியிருப்பேன்.

“அங்கே உங்களுக்குச் சொத்து உண்டா?”

“கடையே அவருதில்லீங்க. ஒருத்தர்கிட்டக் கணக்கெழுதறாரு. எனக்கு அங்க ஒண்ணும் கெடையாதுங்க.”

பெண்ணின் அப்பா கருப்பண்ணக் கவுண்டரைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை.

“அங்கே போய் இருக்கும் எண்ணம் உண்டா?”

பையன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான்.

“அப்பா வரச் சொல்லி எழுதினாருங்க. மகனும் அங்க வந்து இருந்தா மனு பலமா நிக்கும்னு யாரோ சொன்னாங்களாம். வயசாகுது, தனியா இருக்கறேன், வந்து கையெழுத்துப் போடுன்னாரு. நான் வரலீன்னு எழுதிட்டேனுங்க. நான் இந்த ஊர்க்காரன், இங்கதான் இருப்பேன்னு எழுதினேன். அதுக்கப்புறம் அவருகிட்ட இருந்து கடுதாசி இல்லீங்க.”

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

நாமக்கல்காரர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. பையன் அருகில் வந்து நின்றார்.

“மாப்பிள்ள பொய் பேசாதவருன்னு தெரிஞ்சுதுங்க. அது சந்தோசந்தான். ஆனா நாங்க கேட்டு வந்தது வேறங்க. ஒத்தப் பொண்ணு. எந்தத் தேசம்னே தெரியாம எப்படி அனுப்பறது?”

“புரியுதுங்க,” என்றான் பையன்.

அவர்கள் கிளம்பினார்கள். தண்ணீர் மட்டும் குடித்தார்கள். சமைத்த சமையல் அப்படியே இருந்தது. வண்டி திரும்பும் வரைக்கும் பையன் வாசலில் நின்றான். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்திருக்கிறான், பிடித்திருந்தது என்று பிறகு மணியகாரர் சொன்னார். மணியகாரர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இதை நான் நம்பினேன்.

கருப்பண்ணக் கவுண்டர் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க என்ன பண்ணுவீங்க சாமி. எந்தம்பி குப்பண்ணன் இவனை இங்க அனுப்பும்போது என்ன எழுதினான் தெரியுங்களா? நான்தான் அங்கயுமில்ல இங்கயுமில்லீன்னு ஆயிட்டேன், இவன் ஒருத்தனாச்சும் ஒரு ஊர்க்காரனா இருக்கட்டும்னு எழுதினான். இப்ப அவனே வரச் சொல்றான். இவன் மாட்டேங்கறான். யாரைன்னு நான் பேச?”

சாப்பிட்டுப் போகச் சொன்னார். நேரமில்லை என்றேன். உண்மையில் அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கியிருக்காது.

எப்படி மிதித்தேன் என்று தெரியாது, தாசில்தாருக்கு வண்டி வந்து நிற்கும்போது போய்ச் சேர்ந்தேன். எல்லாக் காகிதத்தையும் மேஜையில் வைத்தேன். முதலில் ஊர் சொன்னது, பிறகு ஊர் மாற்றிச் சொன்னது, கடைசியில் பையன் சொன்னது. இரகசியத்தை உடைத்ததையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் திட்டக்கூட இல்லை. எல்லாவற்றையும் வெற்றிலையை மென்றுகொண்டே படித்தார். பையனுடைய வாக்குமூலத்தில் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்பா வேற நாட்டுக்காரர் ஆகப் போறார்னு இவனே சொன்னானா? நீ கேட்டு வாங்கினயா?”

“அவராத்தான் சொன்னார்.”

“பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடியா?”

“ஆமாங்க.”

“பொழைக்கத் தெரியாதவன்பா,” என்றார். அந்த வாக்குமூலத்தை என் பக்கம் நகர்த்தினார். “இதை மேல வை. மேலே இருக்கறவங்க முதல் காகிதத்தைத்தான் படிப்பாங்க. மத்ததையும் வை, எதையும் எடுக்காதே. எது எது எப்போ, என்ன நெனச்சுட்டு சொன்னதுன்னு ஒரு வரி எழுதிடு.”

எழுதினேன். முதல் வாக்குமூலங்கள் கல்யாண விசாரணை என்று நினைத்துச் சொன்னவை. இரண்டாவது, வேலைக்கு என்று தெரிந்து சொன்னவை. மூன்றாவது, சொன்னால் கல்யாணமும் போகலாம், வேலையும் போகலாம் என்று தெரிந்து சொன்னது. இதற்கு மேல் நான் அபிப்பிராயம் எழுதவில்லை. தாசில்தார் அதை வாங்கி, என் வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறினார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆட்கள் உங்களிடம் பொய் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியத்தில்தான் சொல்வார்கள். பிரியத்தில் சொல்கிற பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். சொல்கிறவனுக்கு அதைச் சொல்வதால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். நஷ்டப்பட்டுச் சொல்கிறவன் பேச்சை மேலே வையுங்கள். எப்போதும் இது சரிப்படும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எனக்கு இரண்டு மூன்று தடவை சரிப்படாமலும் போயிருக்கிறது.

பையனுக்கு உத்தியோகம் கிடைத்தது. உடனே இல்லை. டில்லியிலிருந்து மறுபடி கேள்வி, மறுபடி பதில் என்று இழுத்தடித்தார்கள். ஒரு வழியாக உத்தரவு வந்தது என்று மணியகாரர் வந்து சொன்னார். ஏதோ தானே எழுதி வாங்கிக் கொடுத்த மாதிரி சொன்னார்.

பல வருஷம் கழித்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் அவனைப் பார்த்தேன். அவரை என்று சொல்ல வேண்டும், அப்போது ஆள் நிறைந்துபோயிருந்தார். கல்யாணம் ஆகிவிட்டிருந்தது, வேறு இடத்துப் பெண். எங்கெங்கோ தேசங்களில் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு அவரே எழுந்து வந்தார். பெரியப்பா சௌக்கியம் என்றார். உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்தார். பேச்சு வாக்கில், அப்பா எப்படி இருக்கிறார், ஏதாவது எழுதினாரா என்று கேட்டேன். விசாரித்துப் பழகிய வாய்.

“எழுதலீங்க. நான் எழுதுவேன். பதில் வராது,” என்றார்.

மடித்து வைத்த வேட்டியின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார்.

“எங்க உத்தியோகத்துல வருசா வருசம் ஒண்ணு எழுதிக் குடுக்கோணுங்க. நெருங்குன சொந்தத்துல வேற நாட்டுக்காரங்க யாரு இருக்கறாங்கன்னு. அதுல அப்பா பேரை எழுதுவேன். தகப்பனார், குப்பண்ணன், வேற நாட்டுப் பிரஜைன்னு. ஒவ்வொரு வருசமும் என் கையாலயே எழுதுவேனுங்க. பேனாவைத் தொறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருப்பேன்.”

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கண்டியில இருந்து தந்தி வந்துச்சுங்க. இந்த வருசம் அந்த எடத்துல யாரும் இல்லீன்னு எழுதினேனுங்க,” என்றார்.

கடைக்காரர் வேட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாரேனுங்க என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார்.